'அப்லோடு சக்சஸ்' என்றது ஸ்கிரீன்... மீதி ஃபைல் எங்கே போனது?

சான்றிதழை ஸ்கேன் செய்தாயிற்று. கேட்ட அளவுக்குள் சுருக்கியாயிற்று. விண்ணப்பத்தில் ஏற்றியதும் பச்சை நிற டிக். பக்கத்திலேயே 'அப்லோடு சக்சஸ்' என்ற வரி. அத்தோடு வேலை முடிந்தது என்று போனைக் கீழே வைத்துவிடுவார்கள் பலரும்.

சில நாள் கழித்து, 'உங்கள் ஆவணத்தைத் திறக்க முடியவில்லை' என்று தகவல் வந்தால்? ஏற்றிய படத்தைத் திறந்து பார்த்தால், மதிப்பெண் பட்டியலின் மேல் பாதி பளிச்சென்று இருக்கிறது. கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். கடைசித் தேதியோ முடிந்துபோயிருக்கிறது.

கல்லூரி அட்மிஷன், ஸ்காலர்ஷிப், வங்கித் தேர்வு, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் என எல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்ட காலம் இது. ஒரு ஃபைல் பாதியில் வெட்டுப்பட்டால், அது ஒருவருடைய ஒரு வருடத்தையே விழுங்கிவிடலாம். இது எங்கே நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, நம் பக்கத்தில் என்ன செய்யலாம்?

சிறுசேரியின் அன்றாடத் தலைவலி

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டினால் சிறுசேரி. 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. இங்குள்ள சிப்காட் ஐ.டி. பூங்காவுக்குள் டி.சி.எஸ்., காக்னிசன்ட் போன்ற பெரிய நிறுவனங்களின் வளாகங்களும், சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டும் இருக்கின்றன. மாதவரத்தில் தொடங்கும் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பாதை முடியப்போவதும் இங்கேதான்.

இந்தச் சாலை ஐ.டி. அலுவலகங்களில் ஜாவா என்பது அன்றாடச் சோறு மாதிரி. வங்கி, இன்ஷூரன்ஸ், அரசுத் துறை என உலகம் முழுக்கப் பல பெரிய வெப் அப்ளிகேஷன்கள் ஜாவாவில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 'ஃபைல் ஏத்தினோம், பாதிதான் வந்திருக்கு' என்ற புகார் ஜாவா புரோகிராமர்களுக்குப் புதிதல்ல. அதற்கு வரும் முதல் பதிலும் பழையதுதான்: 'என் மெஷின்ல ஓடுதே!'

அந்தப் பதில் பொய்யல்ல. அவர் மெஷினில் உண்மையாகவே ஓடும். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு ஃபைல், ஐந்து கைகள்

பிரவுசர் வழியாக ஃபைல் அனுப்பும் முறையை 1995 நவம்பரில் எழுதி வெளியிட்டவர்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எர்னஸ்டோ நெபெல், லாரி மாசின்டர் என்ற இருவர். ஜாவா மொழி வெளிவந்ததும் அதே 1995-ல்தான். ஆனால், இரண்டும் முறையாகக் கைகோக்கப் பல வருடம் ஆனது. 2009 டிசம்பரில் வந்த 'சர்வ்லெட் 3.0' வரை, அப்லோடு செய்யப்பட்ட ஃபைலைப் பிரித்து எடுக்கும் வசதி ஜாவாவின் வெப் விதிமுறையிலேயே கிடையாது. அப்பாச்சி அமைப்பின் 'காமன்ஸ் ஃபைல்அப்லோடு' போன்ற இலவசத் தொகுப்பை வாங்கிச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சொந்தமாக எழுத வேண்டும். அப்படிச் சொந்தமாக எழுதப்பட்ட பழைய நிரல்களில்தான் இந்த வெட்டு அதிகம் ஒளிந்திருக்கும்.

ஃபைல் செல்லும் வழியைப் பார்ப்போம். உங்கள் போனிலிருந்து கிளம்புகிறது. மொபைல் நெட்வொர்க் அல்லது வைஃபையில் பயணிக்கிறது. வாசல் சர்வர் வாங்குகிறது. பல இடங்களில் அது 'என்ஜின்எக்ஸ்'. அங்கிருந்து 'டாம்கேட்' போன்ற ஜாவா சர்வருக்குப் போகிறது. புரோகிராமர் எழுதிய நிரல் அதை வாங்கி டிஸ்க்கிலோ, டேட்டாபேஸிலோ வைக்கிறது. ஐந்து கை மாறுகிறது. எந்தக் கையில் சிந்தினாலும் முடிவில் கிடைப்பது அரைகுறைதான்.

ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் லாரியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரி கிளம்பும்போதே எவ்வளவு லிட்டர் என்று ரசீது இருக்கும். ஃபைலுக்கும் அப்படி ஒரு ரசீது உண்டு. 'கன்டென்ட் லெங்த்' என்று பெயர். 'மொத்தம் இத்தனை பைட் அனுப்புகிறேன்' என்று பிரவுசர் முன்கூட்டியே சொல்லிவிடும். ரசீதில் இருப்பதும் தொட்டிக்கு வந்து சேர்ந்ததும் ஒன்றா என்று யாராவது பார்க்கிறார்களா? அதுதான் கேள்வி.

ஒரே தடவையில் குடம் நிறையுமா?

ஜாவாவில் வரும் தகவலை அள்ளுவதற்கு 'ரீட்' என்று ஒரு கட்டளை உண்டு. '1 லட்சம் பைட் கொண்டுவா' என்று அதனிடம் சொன்னால், 1 லட்சமும் கொண்டுவரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அந்த நொடியில் குழாயில் எவ்வளவு வந்திருக்கிறதோ அவ்வளவை அள்ளிக்கொண்டு, 'இத்தனைதான் கிடைத்தது' என்று எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்லும். இனி எதுவுமே இல்லை என்றால் மைனஸ் 1 என்று சொல்லும். அதுவரை திரும்பத் திரும்ப அள்ள வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் ஒரே ஒருமுறை அள்ளிவிட்டு, குடம் நிறைந்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள்.

அலுவலகத்தில் சோதிக்கும்போது சின்னப் படம், அதே கம்ப்யூட்டர் அல்லது அதிவேக நெட். ஒரே அள்ளில் எல்லாம் வந்துவிடும். 'என் மெஷின்ல ஓடுதே' என்பது இங்கேதான் பிறக்கிறது. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு சிக்னல் கோட்டில் போனை வைத்துக்கொண்டு இருப்பவருக்கோ தகவல் துண்டு துண்டாகத்தான் போகும். முதல் துண்டோடு சர்வர் கதவைச் சாத்திவிடும்.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. சில நிரல்கள் ரசீதில் உள்ள அளவுக்குக் காலி இடம் ஒதுக்கி, முதல் துண்டை மட்டும் அதில் போட்டு, முழு இடத்தையும் அப்படியே சேமித்துவிடும். அப்போது ஃபைலின் அளவு கச்சிதமாக இருக்கும். ஆனால், பின்பாதி முழுக்க வெறும் பூஜ்யங்கள். அளவை மட்டும் பார்த்து 'சரி' என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கடைசிச் சொட்டு

அள்ளியதை டிஸ்க்கில் எழுதும்போது ஜாவா ஒவ்வொரு பைட்டாக எழுதாது. நடுவே ஒரு சின்ன வாளி வைத்திருக்கும். அதன் வழக்கமான அளவு 8,192 பைட். வாளி நிறைந்ததும் கவிழ்க்கும். கடைசியில் அரைவாளி மீதம் இருக்கும் அல்லவா? 'முடிந்தது, மூடு' என்று நிரல் சொன்னால்தான் அதைக் கவிழ்க்கும். சொல்ல மறந்தால் அந்த மீதி போச்சு. பல நேரங்களில், இப்படி வெட்டுப்பட்ட ஃபைலின் அளவு 8,192-ஆல் மீதியின்றி வகுபடும். துப்பறிபவருக்கு அது கைரேகை மாதிரி.

அரைவாளிதானே என்று நினைக்க முடியாது. பி.டி.எஃப். ஃபைலின் உள்ளடக்க அட்டவணை அதன் கடைசியில் இருக்கிறது. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற விவரமே அதில்தான். வேர்டு, எக்ஸெல், ஜிப் ஃபைல்களும் அப்படித்தான். ஐம்பது பக்கமும் பத்திரமாக வந்து சேர்ந்தாலும், கடைசிச் சில பைட் இல்லையென்றால் 'ஃபைல் சேதமடைந்துள்ளது' என்று சொல்லிவிடும். புகைப்படம் பரவாயில்லை. பெரும்பாலான ஜேபெக் படங்கள் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால், வந்தவரை தெரியும், மிச்சம் சாம்பலாகும். வாசகர் பார்க்கும் அந்தச் சாம்பல் பாதியின் ரகசியம் இதுதான்.

65,535 என்ற எண்

சில அப்ளிகேஷன்கள் படத்தை நேரடியாக டேட்டாபேஸிலேயே சேமிக்கும். 'மை எஸ்கியூஎல்' டேட்டாபேஸில் இதற்கு 'பிளாப்' என்ற வகை இருக்கிறது. அதன் விரிவாக்கத்திலேயே 'பெரிய' என்று பொருள் தரும் சொல் உண்டு. அதை நம்பிப் பலரும் தேர்ந்தெடுப்பார்கள். உண்மையில் அது தாங்குவது 65,535 பைட் மட்டுமே, அதாவது 64 கே.பி-க்கு ஒரு பைட் குறைவு. 16 எம்.பி. வரை தாங்கும் 'மீடியம் பிளாப்', 4 ஜி.பி. வரை தாங்கும் 'லாங் பிளாப்' எல்லாம் தனித்தனி வகைகள்.

வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். கேட்கும் புகைப்படம் 20 முதல் 50 கே.பி. வரை. அந்த மாதிரி ஒரு படத்தை வைத்துச் சோதித்தால் பிளாப்பில் ஒரு குறையும் தெரியாது. அதே இடத்தில் 180 கே.பி. சான்றிதழை வைத்தால்? கண்டிப்பு இல்லாத அமைப்பில் ஓடும் மை எஸ்கியூஎல், 65,535-ல் வெட்டிவிட்டு, யாரும் படிக்காத ஒரு எச்சரிக்கையை மட்டும் எழுதிவைக்கும். 2015-ல் வந்த 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பான முறையே இயல்பாக இருப்பதால், புதிய அமைப்புகள் வெட்டாமல் பிழை காட்டுகின்றன. பழைய அமைப்பை அப்படியே ஓட்டுபவர்களுக்கு இன்றும் ஆபத்துதான்.

தமிழுக்கு மட்டும் வரும் வெட்டு

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லும். ஜாவாவைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். 'மி'யின் இகரக் குறியையும், 'ழ்'-ன் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். நெட்டில் பயணிக்கும்போது இதுவே 15 பைட். இன்று எங்கும் வழக்கில் உள்ள யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கிறது. ஆங்கில எழுத்துக்கோ 1 பைட்தான்.

நிரல் எழுதுபவர், பைட்டை எண்ணாமல் எழுத்தை எண்ணி ரசீது போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஆங்கிலக் கடிதம் முழுதாகப் போகும். தமிழ்க் கடிதம் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்து 'ஓ.கே.' சொன்ன குழுவுக்கு இது கடைசிவரை தெரியாது.

ஃபைல் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. லினக்ஸ் சர்வர்களில் ஒரு ஃபைல் பெயருக்குப் பொதுவாக அதிகபட்சம் 255 பைட். ஆங்கிலத்தில் 255 எழுத்து வைக்கலாம். தமிழில் 85 குறிகளைத் தாண்ட முடியாது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

இங்கிலாந்தில் காணாமல் போன 15,841 பேர்

பாதியில் வெட்டுப்படும் ஃபைலால் ஒரு நாடே திணறிய கதையும் உண்டு. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் கொரோனா உறுதியான 15,841 பேரின் விவரங்கள் அரசின் தினசரிக் கணக்கில் சேரவே இல்லை. பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய பட்டியலை, அந்நாட்டு பொதுச் சுகாதார அமைப்பு பழைய 'எக்ஸ்.எல்.எஸ்.' வகை எக்ஸெல் ஃபைலில் ஏற்றியது. அந்த வகை 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. மீதியெல்லாம் வெளியே விழுந்துவிட்டது. 2007-லேயே வந்துவிட்ட புதிய எக்ஸெல் வகை 10 லட்சம் வரிசைகளுக்கு மேல் தாங்கும்.

நோயாளிகளுக்கு அவரவர் முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால், அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை தாமதமானது. ஒரு பெருந்தொற்றின் நடுவே அந்தச் சில நாள்களின் விலை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

அது ஜாவா அப்ளிகேஷன் அல்ல. ஆனால், நோய் ஒன்றுதான். வெட்டுப்பட்டதைவிடப் பெரிய தவறு, வெட்டுப்பட்டது யாருக்கும் தெரியாமல் போனது.

'முடியாது' என்று சொல்லும் சர்வர் நல்ல சர்வர்

இந்த இடத்தில் ஒரு தவறான கோபத்தையும் தீர்த்துவிடலாம். 'உங்கள் ஃபைல் பெரிதாக இருக்கிறது' என்று சர்வர் திருப்பி அனுப்பினால் பலருக்கும் எரிச்சல் வரும். வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ், யாரும் மாற்றாதவரை 1 எம்.பி-க்கு மேல் உள்ளே விடாது. 413 என்ற எண்ணைக் காட்டித் திருப்பிவிடும். ஜாவா உலகில் பிரபலமான 'ஸ்பிரிங் பூட்' அமைப்பும் இயல்பாக ஒரு ஃபைலுக்கு 1 எம்.பி., ஒரு கோரிக்கைக்கு 10 எம்.பி. என்றுதான் வைத்திருக்கிறது. இன்றைய போன் கேமராவின் ஒரே படம் இதைத் தாண்டிவிடலாம்.

ஆனால், இந்த மறுப்பு நல்லது. விண்ணப்பித்தவருக்கு உடனே விஷயம் தெரிகிறது. அளவைக் குறைத்து மறுபடி ஏற்றலாம். சர்வரை யாரும் பெரிய ஃபைல்களால் திணறடிக்காமலும் காக்கிறது. பாதியை வாங்கிக்கொண்டு 'சக்சஸ்' என்று சிரிக்கும் சர்வர்தான் ஆபத்தானது.

நெட் நடுவில் அறுந்தாலும் இதே கதைதான். ரசீதில் சொன்ன அளவு வரவில்லை என்று டாம்கேட் பிழை எழுப்பும். அந்தப் பிழையைப் பிடித்து, எதுவும் செய்யாமல் அமுக்கிவிடும் நிரல்கள் உண்டு. டிஸ்க்கில் இடம் தீர்ந்துபோனாலும் அப்படியே. உள்ளே கூக்குரல், வெளியே பச்சை டிக்.

சரி செய்வது எப்படி?

சிறுசேரியில் இப்போதுதான் ஐடி கார்டு மாட்டியிருக்கும் இளைஞர்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பகுதியை அவர்களுக்கு அனுப்பலாம்.

முதலில், நிரலைத் திறக்கும் முன் அளவுகளைப் பாருங்கள். ஒரே ஃபைல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டால், எங்கோ ஒரு வரம்பு இருக்கிறது. வெவ்வேறு இடத்தில் வெட்டுப்பட்டால் நெட்வொர்க், காத்திருப்பு நேரம், அல்லது ஒரே ஒருமுறை 'ரீட்' செய்யும் தவறு. 65,535 என்றால் டேட்டாபேஸ். 8,192-ன் மடங்கு என்றால் மூடாத வாளி. அளவு சரியாக இருந்து உள்ளடக்கம் கெட்டிருந்தால், நிரப்பாத காலி இடம். சர்வரில் இருப்பது முழுசாக இருந்து, டவுன்லோடு செய்தால் மட்டும் குறைந்தால், குற்றவாளி அப்லோடு அல்ல. திருப்பி அனுப்பும்போது போட்ட தவறான ரசீது.

அடுத்து, சொந்தமாக அள்ளுவதைத் தவிர்க்கலாம். முழு ஃபைலையும் நகலெடுக்கும் வசதி ஜாவா 7-லேயே, 2011-ல் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் வாளியைத் தானாகக் கவிழ்த்து மூடும் 'ட்ரை வித் ரிசோர்சஸ்' முறையும் அதே பதிப்பில் வந்ததுதான். 2017-ல் வந்த ஜாவா 9, கடைசி பைட்வரை தானே படிக்கும் கட்டளையையும் சேர்த்தது.

மூன்றாவதாக, இரு பக்கமும் எண்ண வேண்டும். வந்த பைட்டையும் எழுதிய பைட்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால் மட்டுமே 'சக்சஸ்' சொல்ல வேண்டும். 'எஸ்.எச்.ஏ-256' போன்ற கணிதக் கைரேகையை இரு பக்கமும் எடுத்து ஒப்பிட்டால் இன்னும் உறுதி. ஒரு பைட் மாறினாலும் கைரேகை மாறிவிடும்.

சோதிக்கும்போது பெரிய ஃபைல், மெதுவான நெட், தமிழ்ப் பெயர் இந்த மூன்றும் கட்டாயம்.

விண்ணப்பிப்பவர்கள் செய்ய வேண்டியவை

* ஏற்றியதும் 'வியூ' அல்லது 'பிரிவியூ' இருந்தால் திறந்து, கடைசிப் பக்கத்தின் கடைசி வரி வரை பாருங்கள். டிக் மட்டும் போதாது.

* டவுன்லோடு வசதி இருந்தால் இறக்கி, போனில் உள்ள அசல் ஃபைலின் அளவோடு ஒப்பிடுங்கள். 'டீடெய்ல்ஸ்' பகுதியில் அளவு தெரியும். சில தளங்கள் தாமே படத்தைச் சுருக்கும் என்பதால் அளவு மாறினாலும் பதற வேண்டாம். உள்ளே முழுசாக இருக்கிறதா என்பதே முக்கியம்.

* ஏறிக்கொண்டிருக்கும்போது ஸ்கிரீனை லாக் செய்யாதீர்கள், வேறு ஆப்புக்குப் போகாதீர்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ போய்க்கொண்டே ஏற்ற வேண்டாம்.

* ஃபைல் பெயரைச் சின்னதாக, ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். தமிழில் பெயர் வைப்பது தவறல்ல. ஆனால், எதிர்ப்பக்கத்து சர்வர் தமிழைச் சோதித்திருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது.

* வாட்ஸ்அப்பில் படமாக வாங்கிய சான்றிதழைவிட, 'டாக்குமென்ட்' ஆக வாங்கியது மேல். படமாக வந்தால் தரம் குறைந்திருக்கும்.

* பெயரின் கடைசியில் உள்ள 'பி.என்.ஜி.'யை அழித்து 'ஜே.பி.ஜி.' என்று எழுதினால் படம் மாறிவிடாது. கேட்ட வகையில் முறையாகச் சேமியுங்கள்.

* கடைசி நாளுக்கு முன்பே ஏற்றுங்கள். ஒப்புகைச் சீட்டையும், ஏறிய ஆவணத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு வைத்திருங்கள். பிறகு முறையிட நேர்ந்தால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

ரேஷன் கடையில் எடை போட்ட பையையும் வீட்டுக்கு வந்து ஒருமுறை தூக்கிப் பார்ப்பவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அது அவநம்பிக்கை அல்ல, பழக்கம். அடுத்த முறை பச்சை டிக் வந்ததும், அதே பழக்கத்தோடு அந்த ஃபைலையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலைதான்.